நீளமான கேபிளுக்கும் பசிக்கும்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டத்தில் எனக்குத் தரப்பட்ட தலைப்பு, திறன்மிகு வகுப்பறைக் கருவிகளின் பராமரிப்பு. கணினி, புரொஜெக்டர், ஒலிபெருக்கி, யூ.பி.எஸ். என்று எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் சொல்லப் புகுந்தால், வீட்டுக்குப் போகும்போது எதுவும் நினைவில் இருக்காது. ஆகவே ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆசிரியர் மேசையில் இருக்கும் கணினியில் தொடங்கி, சுவர் ஏறி, கூரையை ஒட்டி ஓடி, நடு அறையில் தொங்கும் புரொஜெக்டரைப் போய்ச் சேர்கிறதே, அந்த நீளமான எச்.டி.எம்.ஐ. கேபிள்.

கேபிள் என்றால் வெறும் கம்பிதானே, அதில் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். இரண்டு மீட்டர் கேபிள் என்றால் நீங்கள் நினைப்பது சரி. அது வெறும் கம்பிதான். பதினைந்து, இருபது மீட்டர் என்று போகும்போது அது பெரும்பாலும் வெறும் கம்பியாக இருப்பதில்லை. அதற்குள் சின்னதாக ஒரு மின்னணுக் கருவியே உட்கார்ந்திருக்கும். கருவி என்று வந்துவிட்டால் அதற்கு மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் அதற்கு எங்கிருந்து வருகிறது? இந்த ஒரு கேள்விதான் இன்றைய பேச்சு முழுவதும்.

ஒரு பாடவேளையின் விலை

இது ஏன் நமக்கு முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம்முடைய பாடவேளை 40 நிமிடம். பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போய் உட்காரவைக்க ஐந்து நிமிடம். கணினி இயங்க இரண்டு நிமிடம். அதன்பிறகு திரையில் நீல நிறத்தில் 'நோ சிக்னல்' என்று வந்தால், கேபிளைப் பிடுங்கி மாட்டி, அணைத்துப் போட்டு, பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட்டு வருவதற்குள் பாதி வேளை போய்விடும். பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு முறை இப்படி நடந்தால் ஆசிரியர் பொறுத்துக்கொள்வார். மூன்று முறை நடந்தால் அந்த அறைப் பக்கமே போகமாட்டார். பிறகு அந்த அறைக்குப் பூட்டு விழும். அடுத்த கூட்டத்தில் 'புரொஜெக்டர் பழுது' என்று அறிக்கை போகும். பழுது உண்மையில் புரொஜெக்டரில்தானா என்று யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

நான் அறிந்த ஒரு நடுநிலைப் பள்ளியில் நடந்தது இது. மேசைக் கணினி இருந்தவரை படம் நன்றாக வந்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு மடிக்கணினியை வைத்தார்கள். அன்றிலிருந்து படம் விட்டுவிட்டு வந்தது, பிறகு வரவே இல்லை. புரொஜெக்டரைக் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பினார்கள். 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று திரும்பி வந்தது. மடிக்கணினியை வேறொரு தொலைக்காட்சியில் இணைத்துப் பார்த்தார்கள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டும் நன்றாக இருக்க, படம் மட்டும் வரவில்லை. அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பருவமே அப்படிப் போனது. காரணம் என்ன என்று இந்தப் பேச்சு முடிவதற்குள் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கேபிளுக்குள் என்ன ஓடுகிறது?

எச்.டி.எம்.ஐ. முறையின் முதல் வரையறை 2002 டிசம்பரில் வெளியானது. அதன் முனையை உற்றுப் பார்த்தால் 19 பின்கள் இருக்கும். அவற்றில் 12 பின்கள் படத்துக்கும் ஒலிக்கும். நம் பள்ளிகளில் பரவலாக இருக்கும் கருவிகளில், மூன்று ஜோடிக் கம்பிகள் தகவலைச் சுமக்கின்றன, நான்காவது ஜோடி தாளம் போடுகிறது. தாளம் தப்பினால் பாட்டு கெட்டதுதான்.

எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது தெரியுமா? 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட படம், வினாடிக்கு 60 முறை. இதற்கு ஒவ்வொரு ஜோடியிலும் வினாடிக்கு 148.5 கோடி பிட்டுகள் போகவேண்டும். மூன்று ஜோடிக்கும் சேர்த்து 445.5 கோடி. அதே 60 முறை, 4கே படம் என்றால் இதைப்போல நான்கு மடங்கு.

இவ்வளவு வேகமான துடிப்புகள் செம்புக் கம்பியில் நெடுந்தூரம் போகும்போது தேய்ந்துபோகின்றன. எல்லாம் ஒரே அளவில் தேய்வதில்லை, வேகமானவைதான் முதலில் தேயும். ஒலிபெருக்கி வேலை செய்யாத நாளில் நம் காலை வழிபாட்டுக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். தலைமையாசிரியர் பேசுவது முதல் வரிசைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு எழுத்தாகக் கேட்கும். கடைசி வரிசைக்கு யாரோ பேசுகிறார் என்பது மட்டும் தெரியும். குரல் போய்ச் சேர்கிறது, 'ச', 'ஸ' போன்ற கூர்மையான ஒலிகள் சேர்வதில்லை. ஆகவே சொல் புரிவதில்லை. நீளமான கேபிளின் மறுமுனையில் இருக்கும் புரொஜெக்டரின் நிலையும் அந்தக் கடைசி வரிசைப் பிள்ளையின் நிலைதான்.

பழைய வி.ஜி.ஏ. கேபிளில் நீளம் கூடினால் படம் கொஞ்சம் மங்கும், எழுத்துக்குப் பின்னால் நிழல் விழும். ஆனாலும் பாடம் நடத்திவிடலாம். எச்.டி.எம்.ஐ. அப்படி இல்லை. ஓர் எல்லை வரை படம் பளிச்சென்று இருக்கும். எல்லைக்கு அருகில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், படம் கண் சிமிட்டுவது போல வந்து வந்து போகும். எல்லையைத் தாண்டினால் ஒன்றுமே இருக்காது. புள்ளிகள் மின்னுவதைப் பார்த்தால் புரொஜெக்டரைத் திட்ட வேண்டாம். கேபிள் தன் கஷ்டத்தைச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பூஸ்டர் நினைவிருக்கிறதா?

தூரத்தால் தேய்ந்த சிக்னலை எப்படி மீட்பது? இதற்கான விடை நம் வீட்டு மொட்டை மாடியிலேயே இருந்தது. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். தூர்தர்ஷன் காலத்தில் படம் புள்ளி புள்ளியாக வந்தால் ஆன்டெனாவில் ஒரு பூஸ்டர் மாட்டுவார்கள். ரூபவாஹினி பார்ப்பதற்காகவே உயரமான குழாய் நட்டு, உச்சியில் பூஸ்டர் வைத்த வீடுகள் தென் மாவட்டங்களில் நிறைய. அந்தப் பூஸ்டருக்குத் தனியாக மின்கம்பி இழுத்தோமா? இல்லை. தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பெட்டி இருக்கும். அது மின்சாரத்தை ஆன்டெனா கேபிள் வழியாகவே மேலே அனுப்பும். அதே கேபிள் வழியாகவே படம் கீழே வரும்.

இன்றைக்கு மாடியில் இருக்கும் டி.டி.எச். குடையும் அப்படித்தான். குடையின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கருவிக்கு, கீழே இருக்கும் பெட்டியிலிருந்து 13 அல்லது 18 வோல்ட் அதே கேபிளில் போகிறது. வீட்டுத் தரைவழித் தொலைபேசியும் அப்படியே. மின்சாரம் போன இரவிலும் அது மணி அடித்ததற்குக் காரணம், தொலைபேசி நிலையத்து மின்கலங்களிலிருந்து 48 வோல்ட் அந்த இரண்டு கம்பிகளிலேயே வந்துகொண்டிருந்ததுதான்.

ஆக, செய்தி போகும் வழியிலேயே சோறும் அனுப்புவது பழைய யோசனை. எச்.டி.எம்.ஐ. கேபிளிலும் இதே யோசனைதான் வந்தது. அது ஒழுங்காக வந்து சேரக் கொஞ்சம் காலம் பிடித்தது.

18ஆம் பின்னும் 55 மில்லி ஆம்பியரும்

19 பின்களில் 18ஆவது பின்னில் கணினி 5 வோல்ட் தருகிறது. இது முதலில் கேபிளுக்காக வைக்கப்பட்டது அல்ல. புரொஜெக்டருக்குள் ஒரு சின்ன நினைவகச் சில்லு இருக்கிறது. 'நான் இன்ன கருவி, இன்னின்ன அளவுப் படங்களை என்னால் காட்ட முடியும்' என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். புரொஜெக்டர் அணைந்திருந்தாலும் கணினி அதைப் படிக்கவேண்டும் என்பதற்காகத்தான் அந்த 5 வோல்ட். அது வந்து சேர்ந்ததும் புரொஜெக்டர் 19ஆம் பின் வழியாக 'உள்ளேன் ஐயா' என்று பதில் கொடுக்கும். பதில் வந்த பிறகே கணினி படத்தை அனுப்பத் தொடங்கும்.

இந்த வேலைக்கு மிகக் குறைந்த மின்னோட்டமே போதும். அதனால் படம் அனுப்பும் கருவி குறைந்தது 55 மில்லி ஆம்பியர் தந்தால் போதும் என்று வரையறை வைத்தார்கள். 5 வோல்ட்டை 0.055 ஆம்பியரால் பெருக்கினால் 0.275 வாட். இரவு விளக்குகூட இதைவிட அதிகம் கேட்கும்.

பிறகு நீளமான கேபிள்கள் வந்தன. இரண்டு வகை. ஒன்று, செம்புக் கம்பிதான், ஆனால் புரொஜெக்டர் பக்கத்து முனைக்குள் ஒரு சில்லு இருக்கும். தேய்ந்துபோன வேகமான துடிப்புகளை அது மீண்டும் தூக்கிவிடும். கடைசி வரிசையில் நின்று, அரைகுறையாகக் கேட்டதைத் திருத்திச் சொல்லும் கெட்டிக்காரப் பிள்ளை மாதிரி. மற்றொன்று ஒளியிழைக் கேபிள். கணினிப் பக்க முனையில் மிகச் சிறிய லேசர்கள் மின்துடிப்பை ஒளியாக மாற்றும். மறுமுனையில் ஒளி உணரிகள் அதைத் திரும்ப மின்துடிப்பாக்கும். இதில் பல பத்து மீட்டர்கள்கூடப் படத்தைக் கொண்டுபோகலாம்.

இரண்டிலும் சில்லு இருக்கிறது, சில்லுக்கு மின்சாரம் வேண்டும். கேபிளுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒரே மின்வழி அந்த 18ஆம் பின். ஆகவே கேபிள்கள் அதிலிருந்தே எடுத்துச் சாப்பிடத் தொடங்கின. பல கணினிகள் கட்டாய அளவான 55 மில்லி ஆம்பியருக்கும் மேலாகவே தரும், அங்கே கேபிள் நன்றாக வேலை செய்யும். சில கருவிகள் அளந்து 55 மட்டுமே தரும், அங்கே கேபிள் தடுமாறும். அந்த நடுநிலைப் பள்ளியில் மேசைக் கணினியோடு வேலை செய்த கேபிள் மடிக்கணினியோடு வேலை செய்யாத காரணம் இப்போது தெரிகிறதல்லவா? இரண்டு கருவிகளும் நலம். நடுவில் இருந்த கேபிள்தான் பட்டினி.

வாலும், 2022இல் வந்த மாற்றமும்

இந்தப் பட்டினிக்கு முதலில் கண்ட மருந்து ஒரு வால். சில நீளமான கேபிள்களின் முனையிலிருந்து மெல்லிய யூ.எஸ்.பி. ஒயர் ஒன்று தனியாகப் பிரிந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பல பள்ளிகளில் அதை மடக்கி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். எதற்கு என்று தெரியாததால் சிலர் வெட்டியும் விடுகிறார்கள். அது கேபிளின் வாய். அதை யூ.எஸ்.பி. துளையிலோ, தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் 5 வோல்ட் சார்ஜரிலோ மாட்டினால் கேபிளுக்கு வேண்டிய மின்சாரம் கிடைக்கும்.

ஆனால் வால் என்றால் இன்னொரு துளை வேண்டும், இன்னொரு இணைப்பு வேண்டும், கழன்றுவிட்டதா என்று பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். ஆகவே 2022இல் எச்.டி.எம்.ஐ. வரையறையில் ஒரு புதிய வசதியைச் சேர்த்தார்கள். அதற்குக் கேபிள் பவர் என்று பெயர். இந்த வசதி உள்ள கணினியோ பிற கருவியோ 18ஆம் பின் வழியாகவே 5 வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர் வரை தரும். அதாவது 1.5 வாட், பழைய கட்டாய அளவைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். வால் தேவையில்லை, தனி சார்ஜர் தேவையில்லை. முனையை மாட்டினால் போதும், படமும் அதே வழி, சாப்பாடும் அதே வழி.

இதில் மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இந்த வசதி இரண்டு பக்கமும் இருக்கவேண்டும். கேபிளில் இருந்து கணினியில் இல்லை என்றால் பயனில்லை. இது விருப்ப வசதிதான், கட்டாயம் அல்ல. எனவே பெட்டியில் எச்.டி.எம்.ஐ. 2.1 என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து இருக்கும் என்று முடிவுகட்டக் கூடாது. நம் பள்ளிகளில் இருக்கும் கணினிகளில் பெரும்பாலானவை 2022க்கு முந்தையவை. அவற்றுக்கு இந்த வசதி இருக்காது.

இரண்டாவது, வசதி இல்லாத கணினியோடும் இணைக்கும்படி, வாலும் சேர்ந்தே வரும் கேபிள்கள் உண்டு. நமக்கு இப்போதைக்கு அதுதான் பாதுகாப்பான வழி.

மூன்றாவது, இந்தக் கேபிள்கள் ஒருவழிப் பாதை. ஒரு முனை கணினிக்கு, மறுமுனை புரொஜெக்டருக்கு என்று முனையிலேயே எழுதியிருக்கும். கணினி முனையில் 'சோர்ஸ்' என்றும், மறுமுனையில் 'டிஸ்ப்ளே' அல்லது 'சிங்க்' என்றும் இருக்கும். மாற்றி மாட்டினால் எதுவும் எரிந்துவிடாது, ஆனால் படம் வராது. இதைக் கூரைக்குள் குழாயில் இழுத்துவிட்ட பிறகு கண்டுபிடிப்பதைவிட, தரையில் விரித்துப் பார்க்கும்போதே கண்டுபிடிப்பது நல்லது.

கரும்பலகையில் ஒரு கணக்கு

'300 மில்லி ஆம்பியர் அனுப்பினால் எல்லாம் தீர்ந்துவிடுமா?' என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போடச் சொல்லுங்கள்.

சுமார் 0.32 மில்லி மீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.2 ஓம் மின்தடை. 15 மீட்டர் கேபிள் என்றால் போக 15, வர 15, மொத்தம் 30 மீட்டர். மின்தடை 6 ஓம். 55 மில்லி ஆம்பியர் ஓடினால் வழியில் இழப்பது 0.33 வோல்ட். 5 வோல்ட்டில் 4.67 போய்ச் சேரும், பரவாயில்லை. 300 மில்லி ஆம்பியர் ஓடினால் இழப்பு 1.8 வோல்ட். போய்ச் சேருவது 3.2 வோல்ட்தான். சோற்றை மூட்டையாக அனுப்பினாலும் வழியிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிந்திப்போகிறது.

அப்படியானால் கம்பியின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால்? குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்கு, மின்தடை நான்கில் ஒரு பங்கு, அதாவது 1.5 ஓம். இழப்பு 0.45 வோல்ட். போய்ச் சேருவது 4.55 வோல்ட். பிள்ளைகள் இதை இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். ஓம் விதியும், மின்தடை நீளத்தைப் பொறுத்தும் பரப்பைப் பொறுத்தும் எப்படி மாறுகிறது என்பதும் ஒரே கணக்கில் வந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய லாபம், தலைக்கு மேலே ஓடும் கேபிளைப் பார்த்துக்கொண்டே அந்தக் கணக்கைப் போடுகிறார்கள் என்பது. கேபிளின் தடிமனுக்கும் விலைக்கும் என்ன தொடர்பு என்று அவர்களாகவே சொல்வார்கள்.

படம் வரவில்லை என்றால்

இனி நடைமுறைக்கு வருவோம். 'நோ சிக்னல்' வந்தால் கீழே சொல்லும் வரிசையில் பாருங்கள்.

1. மடிக்கணினி மின்கலத்தில் ஓடுகிறது என்றால் முதலில் அதன் சார்ஜரை மாட்டுங்கள். மின்சாரத்தைச் சேமிக்கும் நிலையில் இருந்து வெளியே வரட்டும்.

2. இரண்டு முனைகளையும் கழற்றி, திசை எழுதியிருக்கிறதா என்று பார்த்து, அழுத்தி மாட்டுங்கள். வால் இருந்தால் அதற்கு மின்சாரம் போகிறதா என்று பாருங்கள்.

3. புரொஜெக்டரை முதலில் இயக்கி, அது முழுவதும் தயாரான பிறகு கணினியை இயக்குங்கள்.

4. படம் வந்து வந்து போகிறது என்றால், கணினியில் ரெசல்யூஷனைக் குறையுங்கள். 1080 படத்தை வினாடிக்கு 60 முறைக்குப் பதிலாக 30 முறை என்று மாற்றினாலும் சரி, 720 அளவுக்கு இறக்கினாலும் சரி, ஒவ்வொரு ஜோடியும் சுமக்கவேண்டிய சுமை 148.5 கோடியிலிருந்து 74.25 கோடியாகப் பாதியாகிறது. தள்ளாடிய கேபிள் நிமிர்ந்துவிடும். உயிரியல் படத்துக்கும் திருக்குறள் காணொலிக்கும் 720 தாராளம்.

5. இதற்கும் மசியவில்லை என்றால், இரண்டு மீட்டர் சிறிய கேபிளால் கணினியையும் புரொஜெக்டரையும் நேராக இணைத்துப் பாருங்கள். ஏணியில் ஏறுவதற்கு முன் மின்விசிறியை நிறுத்துங்கள், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். படம் வந்துவிட்டால் இரண்டு கருவிகளும் நலம், குறை கேபிளில்தான். புரொஜெக்டரைக் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்புவதற்கு முன் இந்த ஐந்தாவது சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள். அந்தச் சிறிய கேபிள் ஒன்று அறிவியல் ஆய்வக அலமாரியில் எப்போதும் இருக்கட்டும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. மின்கம்பியை வெட்டி முறுக்கி ஒட்டுவதுபோல் எச்.டி.எம்.ஐ. கேபிளை ஒட்ட முடியாது. இரண்டு கேபிள்களை நடுவில் ஒரு இணைப்பி போட்டுச் சேர்ப்பதும் சிக்னலை இன்னும் தேய்க்கும். வாலில் 5 வோல்ட்டைத் தவிர வேறு எந்த அடாப்டரையும் மாட்டக் கூடாது. ஒளியிழைக் கேபிளை மூலையில் 'ட' எழுத்துபோல் மடக்கி ஆணி அடித்தால் உள்ளே இழை ஒடிந்துவிடும். அதை வளைவாகத் திருப்புங்கள். மின்விசிறிக்குப் போகும் மின்கம்பியோடு ஒரே குழாயில் இதை இழுக்காதீர்கள். எலித் தொல்லை உள்ள கட்டடம் என்றால் திறந்த கூரையில் விடாமல் குழாய்க்குள் கொண்டுபோங்கள்.

வாங்கும் முன்

பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒப்புதலோடு கேபிள் வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கடைக்குப் போவதற்கு முன் கேபிள் போகும் வழியில் கயிறு பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் கூடுதலாக வைத்தால் போதும். 'இருபது மீட்டர்தான் கையிருப்பு' என்று கடைக்காரர் சொன்னால், 12 மீட்டர் தேவைக்கு அதை வாங்கிச் சுருட்டி வைக்காதீர்கள். கூடுதல் நீளம் கூடுதல் தொல்லை. கணினி மேசையைப் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றினால் கேபிளின் நீளம் பாதியாகும் என்றால், மேசையை நகர்த்துவதுதான் செலவில்லாத தீர்வு.

உங்கள் புரொஜெக்டரின் அளவு என்ன என்று பாருங்கள். 4கே காட்டாத புரொஜெக்டருக்கு 4கே கேபிளுக்கான பணம் வீண். 1080 வரை போதும் என்றால் பத்து மீட்டர் அளவுக்கு நல்ல தடிமனான சாதாரணச் செம்புக் கேபிளே பெரும்பாலும் ஈடுகொடுக்கும். அதற்குப் பசி கிடையாது, திசையும் கிடையாது. அதற்கு மேல் நீளம் என்றால்தான் சில்லு உள்ள கேபிளுக்குப் போகவேண்டும். அப்போது கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: 'இதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும்?' கணினியிலிருந்தா, வாலிலிருந்தா, இரண்டு வழியும் உண்டா? விடை தெரியாத கடையில் வாங்க வேண்டாம். முடிந்தால் உங்கள் பள்ளிக் கணினியையே எடுத்துப் போய், கடையில் இணைத்துப் பார்த்து வாங்குங்கள்.

கடலுக்கு அடியிலும் இதே கதை

முடிக்கும் முன் வகுப்பறைக்கு ஒரு செய்தி. 1956இல் ஸ்காட்லாந்துக்கும் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே அட்லாண்டிக் கடலடியில் முதல் தொலைபேசிக் கேபிள் போட்டார்கள். போக ஒன்று, வர ஒன்று, இரண்டு கேபிள்கள். ஒவ்வொன்றிலும் 51 இடங்களில் குரலைத் தூக்கிவிடும் பெருக்கிகள், உள்ளே வெற்றிடக் குழாய்கள். நடுக்கடலில் மின்சாரம் ஏது? இரண்டு கரைகளிலிருந்தும் அதே கேபிள் வழியாகத்தான் அனுப்பினார்கள். 

நம் சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட கடலடி ஒளியிழைக் கேபிளின் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். இத்தகைய கேபிள்களில் ஒளியைத் தூக்கிவிடும் கருவிகள் வழியெங்கும் கடலடியில் கிடக்கின்றன. அவற்றுக்கும் கரையிலிருந்து கேபிளுக்குள் இருக்கும் செம்பு வழியாகவே மின்சாரம் போகிறது. வழியில் இழப்பு அதிகம் என்பதால் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் அனுப்புகிறார்கள். நாம் கரும்பலகையில் போட்ட கணக்கின் பெரிய உருவம்தான் அது. ஒன்பதாம் வகுப்பில் முழு அக எதிரொளிப்பு நடத்தும்போதும், பத்தாம் வகுப்பில் ஓம் விதி நடத்தும்போதும், அந்தமானையும் நம் கூரையில் ஓடும் கேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்த குறுவளக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு சிறிய தாளில் நான்கு விவரங்களை எழுதி எடுத்துவாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பள்ளியில் கணினிக்கும் புரொஜெக்டருக்கும் இடையே உள்ள கேபிளின் நீளம் எவ்வளவு, முனையில் திசை எழுதியிருக்கிறதா, வால் இருக்கிறதா, புரொஜெக்டரின் அளவு என்ன. நம் மையத்தில் உள்ள எல்லாப் பள்ளிகளின் விவரமும் ஓர் அட்டவணையில் வந்துவிட்டால், எந்தப் பள்ளியில் உபரியாகக் கிடக்கும் கேபிள் எந்தப் பள்ளிக்குப் பொருந்தும் என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். பூட்டிக் கிடக்கும் அறைகளில் ஒன்றிரண்டு அடுத்த மாதமே திறக்கும் என்று நம்புகிறேன்.